நீ வெட்டி எறிந்த மில் சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

கல்யாணத்துக்கு நம் பக்கத்தில் கூப்பிட வேண்டியவர்களின் பெயர்களை எழுதி அனுப்பச் சொல்லிப் போன கிழமை போனில் கேட்டாய். ஒரு கொப்பித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் பெயரை எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் எழுத வரவில்லை. அந்த முதல் பெயர் உன் பியதாச மாமா. அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வராத கல்யாணத்துக்கு மற்றவர்களை எழுதி என்ன செய்வது? அதனால்தான் பட்டியலுக்குப் பதில் இந்தக் கடிதம். அப்பா அஞ்சாம் வகுப்புத்தானே, என்னத்தை எழுதிவிடப் போகிறார் என்று நினைக்காதே. யட்டவத்தை கடைத்தெருவில் பாதிப் பேருக்குப் பெட்டிஷன் எழுதிக் கொடுத்தவன் நான். என் பெட்டிஷன் ஒன்றை வாசித்துவிட்டுக் அரசாங்கக் கச்சேரியில் ஒரு பெரிய ஐயா கண்ணைத் துடைத்தார் என்று அங்கே வேலை செய்த பியோனே வந்து சொன்னான். இந்தக் கடிதத்தையும் இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றது சலூன் கண்ணாடியில் ஒட்டுவதற்கு. நீ என்னை நாடு முழுக்கக் காட்டினாய், நான் உன்னை ஒரு கண்ணாடியில்தானே காட்டுகிறேன்.

உனக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்ணாடியில் வாசிக்கப்போகிறவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். என் சலூனுக்கும் பியதாச அய்யாவின் அரைக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் முடி வெட்டுவேன், அந்தப் பக்கம் அவர் மிளகாய், கொத்தமல்லி, அரிசி எல்லாம் அரைப்பார். என் வாடிக்கைக்காரர் தும்மினால் அவர் அங்கிருந்து மன்னிப்புக் கேட்பார். காலையில் முதல் பஸ் பேப்பர்க் கட்டைப் போட்டுவிட்டுப் போனதும் அவர் சிங்களப் பேப்பரோடு வந்து என் வாங்குப் பலகையில் உட்காருவார். நான் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்திருப்பேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துத் தெரியாது. நான் பேசும் சிங்களத்தைக் கேட்டால் கண்டிக்காரர்களே எந்தப் பெரிய வளவு வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள், ஆனால் அந்த உருண்டை எழுத்து மட்டும் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே அவர் தன் பேப்பரை எனக்கு வாசித்துச் சொல்வார், நான் என் பேப்பரை அவருக்கு வாசித்துச் சொல்வேன். குண்டு, சுற்றிவளைப்பு, எல்லைக் கிராமம் என்று பேப்பர் கனத்துப்போன வருஷங்களில் அதில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. வாசித்துக்கொண்டே போகிறவர் ஓரிடத்தில் தொண்டையைச் செருமுவார், பக்கத்தைத் திருப்பிவிடுவார். எங்களைப் பற்றி ஏதோ மோசமாக எழுதியிருக்கிறது என்று எனக்கு விளங்கும். என் பேப்பரில் அவருடைய ஆட்களைப் பற்றி அப்படி ஒரு இடம் வந்தால், நான் கத்தியைத் தீட்டுவது போல எழுந்துபோவேன். திரும்பி வந்து அதற்கடுத்த பந்தியில் தொடங்குவேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டது கிடையாது.

ஒருநாள் இரண்டு பேப்பரிலும் ஒரே படம் வந்திருந்தது. தலையில் கைவைத்து அழும் ஒரு தாய். என் பேப்பரில் அவள் தமிழ்த் தாய், பிள்ளையை ராணுவம் கொன்றுவிட்டது. அவருடைய பேப்பரில் அவள் சிங்களத் தாய், பிள்ளையைப் புலி கொன்றுவிட்டது. இருவரும் அவளுடைய காதையும் கழுத்தையும் புடவையையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தோம். எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ரெண்டு பேப்பருக்கும் சேத்து ஒரு அம்மாதான் கெடச்சா போல, மல்லி" என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு பேப்பரையும் கவிழ்த்து வைத்தார். என்னைத் தம்பியாக நினைத்து மல்லி என்றுதான் சிங்களத்தில் கூப்பிடுவார். நீ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது உனக்கு இரண்டு எழுத்தும் வந்துவிட்டது. ஒரு காலையில் பள்ளிக்கூட உடுப்போடு வந்து எங்கள் பேப்பர்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏமாத்திக்கிட்டு இருக்கீங்கப்பா" என்றாய். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பியதாச அய்யாதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, உன்னை மகனே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "எழுத்து பொடிசா இருக்கு புத்தா. வயசாயிருச்சி, சில வரி தெரியறதில்ல" என்றார். அவர் தாண்டிப்போன வரி பெருவிரல் தடிப்பில் அச்சடித்திருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ செய்திக்காரனாகப் போவதற்கு அந்த வாங்குதான் பள்ளிக்கூடம் என்று வருகிற வாடிக்கைக்காரர் எல்லோரிடமும் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி எண்பத்து மூன்று ஜூலைக்கு, எங்கள் ஆட்களின் கடைகளைக் கொளுத்திய நாட்களுக்கு வருகிறேன். நீ நூறு தடவை கேட்ட கதைதான். இந்தத் தடவை நான் போட்ட பவுடரை எல்லாம் துடைத்துவிட்டு எழுதுகிறேன். நீ கேட்ட கதையில் ஏழு லொறியில் ஆட்கள் வந்தார்கள். உண்மையில் வந்தது இரண்டு. நீ கேட்ட கதையில் நான் கையில் சவரக்கத்தியோடு வாசலைக் காத்து நின்றேன். உண்மையில் எனக்குக் கால் நடுங்கி, உன்னைத் தூக்கியது உன் அம்மாதான். மாத்தளைப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்த காலை அது. பியதாச அய்யா பேப்பர் இல்லாமல் வந்தார். நான் பலகைகளை வைத்துக் கடையைச் சாத்தப் போனேன். "சாத்தாத. சாத்தினா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிரும். அப்பிடியே தெறந்து போட்டுட்டு புள்ளையையும் நங்கியையும் கூட்டிட்டு வா" என்றார். நங்கி, தங்கச்சி, என்றது உன் அம்மாவை. மில்லின் பின்னறையில், மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார். உனக்கு ஐந்து வயது. உட்கார்ந்த அடுத்த நிமிஷமே இருமத் தொடங்கினாய். அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து உன் வாயில் வைத்தாள். அதற்கும் நிற்கவில்லை. உன்னைப் பார்த்து எனக்கும் இருமல் வந்தது. பியதாச அய்யா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு போய் மில்லை ஓட விட்டார்.

அரைக்க ஒன்றும் இல்லை. தானியம் இல்லாமல் கல்லும் கல்லும் உரசினால் என்ன சத்தம் வரும் என்று மில்லுக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். பல்லுக்குள் போகிற சத்தம். தீய்ந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் விரும்பியமட்டும் இருமினோம். லொறிகள் வந்து நின்றதைப் பலகை இடுக்கில் நான் பார்த்தேன். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின். கடை திறந்து கிடக்கிறதே, ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். பியதாச அய்யா மில் கல்லை நெம்பும் இரும்புக் கம்பியோடு வெளியே போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றார். ஆள் ஓடிவிட்டான், நெருப்பு வைத்தால் என் மில்லும் சேர்ந்து எரியும், இவன் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிங்களத்தில் கத்தினார். அந்தக் கம்பியால் என் கண்ணாடியை அவரே அடித்து நொறுக்கினார். நாற்காலியைத் தூக்கி ரோட்டில் போட்டார். அவர்கள் கைதட்டிவிட்டு லொறியில் ஏறிப் போனார்கள். பொழுது சாயும்வரை அவர் மில்லை நிறுத்தவில்லை. நிறுத்தியபோது அவருடைய வலது கையில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. கல் தேய்ந்து பாழாகியிருந்தது. அது அதற்குப் பிறகு எதையும் அரைக்கவில்லை. மில் வாசலில் படியாகக் கிடப்பது அந்தக் கல்தான்.

இந்தக் கதையை நான் சலூனில் எப்படிச் சொல்வேன் என்பதும் உனக்குத் தெரியும். முகத்தில் நுரை போடும்போது, "இந்தக் கண்ணாடி இருந்த இடத்துல பெல்ஜியம் கண்ணாடி ஒன்னு இருந்திச்சி. அத ஒடச்சது யாருன்னு நெனக்கிறீங்க? இந்தா, பக்கத்துக் கடை பியதாசதான்" என்று தொடங்குவேன். ஆள் அப்படியே உறைந்துபோவார். ஒரு கன்னம் மழித்து முடிகிறவரை அவரை அப்படியே வைத்திருப்பேன். மற்றக் கன்னத்தில் கத்தியை வைக்கும்போதுதான் மில்லையும் மிளகாய் மூட்டையையும் சொல்வேன். பாதி முகத்தில் நுரையோடு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்ப் பியதாச அய்யாவின் கையைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "மல்லி, இன்னைக்கி எத்தன லொறி?" என்று கேட்பார். கண்ணாடியை முதலில் வைத்து மில்லைக் கடைசியில் வைப்பதுதான் என் கைவண்ணம். நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதிச் சவரத்தில் எழுந்து போக முடியாது என்ற தைரியம் எனக்கு. டீவி பார்க்கிறவனை அப்படி உட்கார வைக்க முடியாது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

இந்த வருஷம், சண்டை நின்று சமாதானம் என்று பேசுகிற நேரத்தில், இருபது வருஷத்துக்குப் பிறகு ஜூலையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்கிறோம் என்று நீ கேமராவோடு வந்தாய். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நின்றேன். இரண்டு மணித்தியாலம் பேசினேன். கேமராவைக் கண்டதும் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. கம்பி என்று சொன்னால் சின்னதாகத் தெரிந்தது. வாள் என்று சொன்னேன். "கையில் இவ்வளவு நீட்டு வாள்" என்று கையை விரித்தும் காட்டினேன். கேமராவுக்குப் பின்னால் நின்று நீ சிரித்தாய். என்னைத் திருத்தவில்லை. மற்றக் கன்னத்தையும் நான் விடவில்லை, மில்லையும் உன் இருமலையும் கல்லையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு பியதாச அய்யாவை அந்தக் கல்லின் மேல் நிற்க வைத்துப் படம் எடுத்தீர்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் முதலில் கொஞ்சநேரம் சும்மா நின்றார். "பெரிய விசயம் ஒன்னும் இல்ல, பக்கத்துக் கடைதானே" என்றார். நீ கேட்டாய் என்று மில்லையும் வெறுமனே ஓட விட்டுக் காட்டினார். நல்ல கல் தேயுமே என்று நான் தடுத்தேன். "புத்தா கேக்குறான்" என்றார்.

நிகழ்ச்சி போகிற அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் வீட்டு டீவியைத் தூக்கிவந்து சலூனில் வைத்தேன். கடைத்தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டேன். எல்லோருக்கும் பிளேன்டீ. பியதாச அய்யா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவரைச் சவர நாற்காலியில், எல்லோருக்கும் முன்னால், ராஜா மாதிரி உட்கார வைத்தேன். என் முகம் வந்தது. பெல்ஜியம் கண்ணாடி வந்தது. வாள் வந்தது. நான் கையை விரித்து வாளின் நீளத்தைக் காட்டும்போது படம் மாறி, பியதாச அய்யா வாய் திறக்காமல் கல்லின் மேல் நிற்கிறார், அவருக்கு மேலே மில்லின் பெயர்ப்பலகை. "பக்கத்துக் கடை பியதாசதான்" என்று என் குரல். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. அவர் அதை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்தைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்ப எனக்கு வழியில்லை. மில் இப்போது வரும், இப்போது வரும் என்று இருந்தேன். வந்தது பால்மா விளம்பரம். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, "வாரேன் மல்லி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தன் டீயைத் தொடவே இல்லை.

உடனே உனக்குப் போன் எடுத்தேன். நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நான் வெட்டலப்பா. மேல எடிட் பண்ற ஆளுங்க வெட்டினாங்க."

"போடுறதுக்கு முன்னுக்கு நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றாய். பிறகு ஒரு விளக்கம் சொன்னாய். எத்தனையோ பேரைக் காப்பாற்ற யாருமே வரவில்லை, உங்கள் கதை மட்டும் நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய கதையைப் பூசி மெழுகியது போல ஆகிவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள் என்றாய். கடைசியாக, "அதோட, வாள்னு சொன்னது நீங்கதானேப்பா" என்றாய்.

மகனே, அந்த நியாயத்தில் பாதி எனக்கும் விளங்குகிறது. எரிந்த கடைகளையும் திரும்பி வராத ஆட்களையும் பற்றி நீ எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பலருக்கு நான் முடி வெட்டியிருக்கிறேன். அந்தக் கதைகளை உரக்கச் சொல்லு, மழுப்பாமல் சொல்லு. கொளுத்தியவனின் முகம் உனக்குக் கிடைக்கவில்லை என்றால் முகமில்லாமல் சொல்லு. காப்பாற்றியவனின் முகத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டாதே. மேலே இருக்கிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அவர்களுக்கு அவர் கல்லின் மேல் நிற்கும் ஒரு கிழட்டுச் சிங்களவர். ஆனால் அந்த அறையில் இருமியவன் நீ. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பேப்பர் என்னை ஏமாற்றியிருக்கிறது, ரேடியோ ஏமாற்றியிருக்கிறது, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்களை எல்லாம் நாங்கள் வாங்கில் உட்கார்ந்து திட்டிவிட்டு எழும்பிவிடுவோம். உன்னைத் திட்டுவதற்கு அந்த வாங்கில் எனக்குத் துணையாக ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள். மேல்கணக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மிளகாய்ப் பையோடு மில்லைத் தாண்டி பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார்கள். ஒருத்தி என் வாசலில் நின்று, "எப்பிடிண்ணே இத்தன வருசம் அந்தாளு பக்கத்துல இருந்தீங்க" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று நடந்தது. எங்கிருந்தோ மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு சிங்கள இளைஞர்கள் மில்லுக்குள் போய், வாள் தூக்கிய வீரர் நீங்கள்தானே என்று பியதாச அய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கண்ணாடித் துண்டு ஏறிய அதே கை. அவர்கள் போன பிறகு அவர் மில்லைச் சாத்திவிட்டார், பட்டப்பகலில்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலப் பேப்பரோடு வந்து வாங்கில் உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாசிக்கத் தொடங்கினார். தலைப்பை வாசித்தார், அதற்குக் கீழே வாசித்தார். எங்கள் சாதிசனத்தைப் பற்றி எவனோ எழுதியிருந்த ஒரு கடிதம் வந்தது. நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருமவில்லை. அந்தக் கடிதத்தை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை, நிறுத்தி நிறுத்தி, எனக்கு நன்றாக விளங்கும்படி வாசித்தார். பேப்பரை மடித்து வாங்கில் வைத்தார். "இனி உன்னோடத வாசி மல்லி. ஒன்னும் விடாத" என்றார். நான் வாசிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வருகிறார், தினமும் ஒரு வரியும் விடாமல் வாசிக்கிறார். அந்த எழுத்தெல்லாம் திடீரென்று அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. உன் கையைப் பிடித்து நடக்கப் பழக்கியவருக்கு நீ செய்துவிட்டுப் போன வேலை இதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெட்டாத கசெட்டை எடுத்துக்கொண்டு வா. மேலே இருப்பவர்கள் தரமாட்டார்கள் என்று சொல்லாதே, கேட்டு வாங்கு. அதே சலூனில், அதே ஆட்கள் முன்னால், அவரை அதே நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு மணித்தியாலத்தையும் போட்டுக் காட்டு. அதில் என் வாளும் இருக்கும், பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கும். அந்தக் கண்ணாடி மாத்தளை டவுனில் வாங்கியது என்று அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சிரிக்கட்டும். நான் பக்கத்தில்தான் நிற்பேன். அந்த வாளைச் செய்தவன் நான், அதை உன் கையில் கொடுத்தவனும் நான்தான். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வெட்டவிட்டுப் பார்த்திருந்தவன் நீ. மில் சத்தம் அந்தச் சலூனில் கேட்ட பிறகு பட்டியலின் மற்றப் பெயர்களை எழுதுகிறேன். அதுவரை என்னையும் அம்மாவையும் கல்யாண வீட்டில் எதிர்பார்க்காதே. அம்மாவும் இதைத்தான் சொல்கிறாள், நான் கூட்டிச் சொல்லவில்லை.

நேற்று லக்கல பக்கத்திலிருந்து புது ஆள் ஒருவர் சவரத்துக்கு வந்தார். டீவியில் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவரைக் காட்டி, "பக்கத்துக் கடைக்காரர்தானா ஒங்க கண்ணாடிய ஒடச்சது?" என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓடவில்லை, பியதாச அய்யா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். "அவரு எங்க மூனு பேரையும் மில்லுக்குள்ள ஒளிச்சி வச்சி காப்பாத்தினாரு. கூட்டத்த அனுப்புறதுக்காக கண்ணாடிய ஒடச்சாரு" என்றேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதை நேராகச் சொன்னேன். வந்தவர் முகத்தில் இன்னும் நுரைகூடப் போடவில்லை, கதை முடிந்துவிட்டது. இரண்டே வரி, மகனே. பால்மாவுக்கு முன்னால் அதற்கு இடம் இருந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா